ஈரச் சோளம்

கன்றுக்குட்டி பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நிற்பதை முதலில் பார்த்தது கட்டிக்காரம்மாதான். காலைப் பாலைப் பெரிய அண்டாவில் ஊற்றி, வெதுவெதுப்பு வந்ததும் உறை சேர்த்துவிட்டு, அது கெட்டியாகும்வரை கை சும்மா இருக்க வேண்டாமே என்று கொட்டகைப் பக்கம் வந்திருந்தாள். மற்றக் கன்றுகள் தொட்டிக்குள் முகத்தைப் புதைத்திருந்தன. இது மட்டும் சுவரோரம் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வாலைத் தூக்கி முக்கியது, ஒன்றும் வரவில்லை. அவள் அதன் கண் இமையை விரலால் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்ளே மஞ்சளாக இருந்தது.

"ஏங்க, இதக் கொஞ்சம் வந்து பாருங்க."

கணவர் சாணி வழித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "மழைக் குளிரு. சளி பிடிச்சிருக்கும்."

"சளி பிடிச்சா கண்ணு ஏன் மஞ்சளாகுது?"

"நீ சீஸைப் பாரு. மாட்ட நான் பாத்துக்கிறேன்."

அந்த வீட்டில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. கொட்டகையும் சோளக்காடும் அவர் பாடு. பால் வாளி அடுக்களை வாசற்படியைத் தாண்டிவிட்டால் அவள் பாடு. சீஸ் கட்டி போடுகிறவள் என்பதால் தெருவில் அவளுக்குக் கட்டிக்காரம்மா என்று பேர் விழுந்திருந்தது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள். உறைந்த பாலை நீளக் கத்தியால் கட்டம் கட்டமாக அறுத்து, முழங்கை முங்கக் கைவிட்டுக் கிளறி, பிரிந்த தண்ணீரை வடித்து, துணி போட்ட அச்சுகளில் அமுக்கிக் கல் ஏற்றுவாள். உப்புத் தண்ணீரில் ஊறி எழுந்த கட்டிகள் வீட்டுக்கு அடியில் இருந்த குளிர்ந்த நிலவறைக்குப் போகும். அங்கே பலகைகளில் மாதக்கணக்கில் கிடக்கும். தினமும் ஒவ்வொன்றையும் புரட்டி, உப்புத் துணியால் துடைக்க வேண்டும். தோலின்மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் பூக்கும். எந்தப் பூசணம் இருக்கலாம், எது கூடாது என்று அவளுக்கு நிறத்திலேயே தெரியும். "ஊரெல்லாம் பூசணம் பூத்தாத் தூக்கிப் போடுவாங்க, எங்க வீட்ல தாலாட்டுப் பாடுவாங்க" என்று கணவர் ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் கெட்டவர் இல்லை. அடுத்தவருக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனமும் கிடையாது. வீணாக்குவதுதான் அவருக்கு ஆகாது. வளைந்த ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டி நேராக்கி வைத்துக்கொள்வார். கீழே விழுந்த சோள மணியைக் கோழி பொறுக்குவதற்கு முன் அவர் பொறுக்குவார். அந்த வருடம் சோளம் முற்றி நிற்கும்போதுதான் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்தாலாவது ஒரு வழி இருந்திருக்கும். அது அடுப்பில் வைத்த உலைபோல ஒரே கொதியாகப் பெய்துகொண்டிருந்தது. கதிர்களை ஈரத்தோடு ஒடித்துக் கொண்டுவந்து, மணிகளை உதிர்த்துக் கிடங்கில் கொட்டினார்கள். வெயில் வரும் வரும் என்று பார்த்தார். வெயில் வந்தபோது மேல்குவியல் காய்ந்தது.

மறுநாள் காலையில் கன்று செத்துக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று பல்லைக் கடிக்கத் தொடங்கியிருந்தது. கட்டிக்காரம்மா கணவரிடம் கேட்காமல் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

மாட்டு டாக்டர் ஒரு பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உரத்த குரல். வந்ததும் செத்த கன்றைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போடச் சொல்லி, வயிற்றைக் கீறினாள். ஈரலை இரண்டு கையாலும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். சிவப்பாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டிய ஈரல் களிமண் நிறத்தில், விரல் அழுத்தினால் பதியாத கெட்டியாக இருந்தது.

"என்ன போடறீங்க இதுங்களுக்கு?"

"நம்ம சோளந்தாம்மா," என்றார் அவர். "அரைச்சுப் போடறேன். கடைத் தீவனம் வாங்கறதே இல்ல. எல்லாம் நம்ம காடு."

"கிடங்கக் காட்டுங்க."

கிடங்கில் குவியல் பொன்னாக மின்னியது. அவர் ஒரு பிடி அள்ளிக் காட்டினார். டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை. சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக் குவியலுக்குள் கையை விட்டாள். கன்னம் சோளத்தில் படும்வரை விட்டாள். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொழுக்கட்டை போலிருந்தன. அதன்மேல் பச்சையும் மஞ்சளுமாக மாவு. கிட்டே நின்றவர்கள் மூக்கில் மக்கிய வாடை ஏறியது.

"உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது," என்றாள் டாக்டர். "எத்தன நாளா இதப் போடறீங்க?"

"இந்த வாரந்தான்," என்றார் அவர்.

கட்டிக்காரம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் டாக்டரின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பூசணம் விஷம் கக்கும். கன்னுக்குட்டி சின்ன உடம்பு, ஈரல் தாங்கல, போயிடுச்சு. பெரிய மாடு தாங்கிக்கும். தாங்கிட்டு என்ன பண்ணும் தெரியுமா? பால்ல இறக்கிடும். சட்டியில இருக்கறதுதானே அகப்பையில வரும்? பால எங்க ஊத்தறீங்க?"

"எங்கயும் ஊத்தறதில்ல. நான் சீஸ் போடறேன்," என்றாள் கட்டிக்காரம்மா.

டாக்டர் கையைத் துடைப்பதை நிறுத்தினாள். "எல்லாப் பாலையுமா?"

"வீட்டுக்கு எடுத்தது போக எல்லாத்தையும். நான் காய்ச்சி..."

"காய்ச்சினாலும் போகாதும்மா. உறைய வச்சாலும் போகாது. கட்டியாக்கினா இன்னும் மோசம். தண்ணி வடிஞ்சிடும், விஷம் கட்டியோட தங்கிடும்."

"எனக்குப் பூசணம் புதுசா டாக்டர்? தெனம் துடைக்கிறேன். கொஞ்சம் நிறம் மாறினாலும் சீவிடுவேன்."

"நீங்க சீவறது தோல் மேல பூத்தது. இது மாட்டு வயித்துக்குள்ள போயி, ஈரல் வழியா வந்து, பால்லயே கலந்து நிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது. எதையும் விக்காதீங்க. பாலும் கட்டியும் கொஞ்சம் குடுங்க, பரிசோதனைக்கு அனுப்பறேன்."

கிடங்கின் வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. தோளில் துண்டு போட்டு, அதற்குள் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறவன். பிள்ளை பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தான். வந்ததிலிருந்து அப்பாதான் அவளைக் கவனித்துக்கொண்டார். காலையில் கறந்த முதல் பாலை நுரை அடங்குவதற்குள் பெரிய டம்ளரில் கொண்டுவந்து நீட்டுவார். பால் குடித்தால்தான் பால் ஊறும் என்பார். குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போவார்.

"மாடு தின்னது மாட்டுப் பால்ல வரும்னா," என்றாள் மகள், "நான் குடிச்சது?"

துண்டுக்குள் குழந்தை மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

"நான் மாட்டு டாக்டர்மா," என்றாள் அந்தப் பெண், குரலை இறக்கி. "அத மனுஷ டாக்டர்கிட்டக் கேளு. இன்னைக்கே கேளு."

மகள் குழந்தையின் வாயில் விரலை வைத்து மார்பிலிருந்து விலக்கினாள். அது வீறிட்டு அழுதது. அழ அழத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அன்று மதியம் அடுக்களையில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் ஆறிக்கொண்டிருந்தன. எப்போதும் மேலே துருவிப்போடும் சீஸ் இல்லாமல் கிழங்கு மொட்டையாக இருந்தது. ஒருவரும் தொடவில்லை.

"இந்த வாரந்தானா?" என்று கேட்டாள் கட்டிக்காரம்மா.

"அதான் சொன்னேன்ல."

"டாக்டர்கிட்டச் சொன்னீங்க. என்கிட்டச் சொல்லுங்க."

"கொஞ்சம் முன்னாடி இருக்கும்."

"மழை விட்டதுலேர்ந்து பால் குறைஞ்சுக்கிட்டே வருது. கேட்டதுக்கு, புல்லு நீர்த்துப் போச்சுன்னு சொன்னீங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கலாம்னு பாத்தீங்க. பூசணத்த மறைக்க முடியுமா?"

அவர் தட்டைத் தள்ளினார். "எனக்கு என்ன தெரியும்? கருப்பா இருந்ததெல்லாம் உக்காந்து பொறுக்கி எறிஞ்சேன். மீதிய வெயில்ல போட்டேன். வாடை போச்சு. போன மாதிரிதான் இருந்துச்சு. நான் உழுது, நான் வெதச்சு, மழையில நனைஞ்சுக்கிட்டே ஒடிச்சுக் கொண்டாந்தது. அவ்வளவையும் குப்பையில கொட்டச் சொல்றியா?"

"வாடை இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"அப்புறம் போச்சு. பால்ல போச்சு."

மகள் கதவருகே வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள். "தெனம் காலையில எனக்குக் கொண்டாந்து குடுத்தப்ப, உங்களுக்குத் தெரியுமாப்பா?"

சிறு வயதிலிருந்து அவள் அப்பாவை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அம்மா எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். அவர்தான், "விடு, அவ என்னை அப்படித்தான் கூப்பிடணும்" என்று தடுத்துவிடுவார். இப்போது அவள் சொன்ன 'உங்களுக்கு' அவருக்கு உறைத்ததைக் கட்டிக்காரம்மா பார்த்தாள்.

"சத்தியமா பால்ல வரும்னு தெரியாதும்மா."

"சோளம் கெட்டுப்போனது தெரியும்."

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

மருத்துவமனையில் குழந்தை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றார். அந்த வீட்டுப் பாலையும் சீஸையும் இவள் நிறுத்தினால் போதும், சில நாளில் இவள் பால் தெளிந்துவிடும் என்றார். ரத்தத்தில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இப்போதைக்குன்னா?" என்றாள் மகள்.

"இது உடனே காட்டற விஷயமில்லம்மா. வந்தா வருஷம் கழிச்சு வரலாம். வராமலே போகலாம். போன அளவு கொஞ்சந்தான். வராதுன்னுதான் நினைக்கறேன்."

"நினைக்கறீங்க."

"ஆமா. நினைக்கத்தான் முடியும்."

நிறுத்த வேண்டாம் என்று அவர் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் வீட்டுக்கு வந்து புட்டிப்பால் கலக்கினாள். குழந்தை ரப்பரைத் துப்பியது. ஊர் உலகமெல்லாம் கேட்கிற மாதிரி கத்தியது. அவள் மார்பு கல்லாகக் கட்டி, சட்டை நனைந்து, கண்ணில் நீர் வழிய, பின்கட்டுத் தொட்டியோரம் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டினாள். அம்மா வெந்நீரில் துணி நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கொட்டகையிலும் அதே நேரம் கறந்த பாலை அப்பா சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பாலும் ஒரே வாய்க்காலில்தான் போய்ச் சேரும். கட்டிக்காரம்மா அதைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பரிசோதனை முடிவை மாட்டு டாக்டர் போனில் சொன்னாள். பாலில் இருக்கக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. கட்டியில் அதைவிடப் பல மடங்கு. மழைக்கு முன்னால் போட்ட பழைய கட்டிகளில் இருக்க வழியில்லை என்றாள். ஆனால் அவை எல்லாம் ஏற்கனவே விற்றுத் தீர்ந்திருந்தன. அறையில் இருந்ததெல்லாம் மழைக்குப் பிறகு போட்டவை. அவற்றிலும் இளசாகத் தின்கிற சின்னக் கட்டிகள் சில கடைக்குப் போய்விட்டிருந்தன.

கடைக்காரரைத் தெருவில் சோடாபுட்டி என்பார்கள். அவ்வளவு தடித்த கண்ணாடி. இவள் போட்ட கட்டியை இவள் பேர் சொல்லியே விற்றவர். வழக்கம்போல வண்டியோடு வந்தவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "யாருக்காவது வாந்தி பேதின்னு வந்துச்சா?"

"அப்படி வராதாம்."

"அப்ப யாருக்குத் தெரியப்போவுது?" அவர் குரலில் குதர்க்கம் இல்லை, பரிவுதான் இருந்தது. "கட்டிக்காரம்மா, இத்தன வருஷப் பழக்கம். சொல்றதக் கேளுங்க. இனிமே போடறத நல்லாப் போடுங்க. உள்ள இருக்கறதக் கொஞ்சங் கொஞ்சமா, தூர இருக்கற கடைங்களுக்குத் தள்ளிவிடறேன். ஒரு துண்டு தின்னவன் செத்தா போயிடுவான்? நீங்க சொல்லல, நான் கேக்கல. வெளிய சொன்னீங்கன்னா உங்க கைப்பட்ட எதையும் ஜனம் தொடாது. என் கடையையும் தொடாது."

வாசல்படியிலிருந்து கணவர், "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றார்.

கட்டிக்காரம்மா தன் டீ டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். டீ முடியும்வரை யோசித்தாள் என்பதுதான் உண்மை. கீழே அந்த அறையில் பலகை பலகையாக இருப்பது அவள் தோள்வலி, இடுப்புவலி. ஒவ்வொன்றையும் பிள்ளையைப் புரட்டுவதுபோலப் புரட்டியிருக்கிறாள். தூரத்துக் கடையில் வாங்குகிறவன் முகம் அவளுக்குத் தெரியப்போவதில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"முகந்தெரிஞ்ச என் பேரனுக்கே தெரியாமத்தான் குடுத்துட்டோம். முகந்தெரியாதவனுக்குத் தெரிஞ்சே குடுக்கணுமா? வேணாங்க. உங்க கடையில வாங்கினவங்ககிட்ட நீங்க சொல்லுங்க. உங்களால முடியாதுன்னா நான் வந்து நின்னு சொல்றேன்."

அவர் சொல்லவில்லை. அவள்தான் போய்ச் சொன்னாள். கடை வாசலில் நின்று, வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னாள். சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி, "என் மாமனாருக்குப் பல்லு இல்ல, தெனம் இதத்தானே குடுத்தேன்," என்று சொல்லிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொருத்தி காறித் துப்பினாள். கட்டிக்காரம்மா அதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கொட்டகைக்குப் பின்னால் கணவர் குழி வெட்டினார். மழையில் ஊறிய மண், மண்வெட்டியில் அப்பிக்கொண்டு வந்தது. பன்றிக்குப் போடலாமா என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை. கட்டிகளை அவள் தூக்கி வந்தாள். ஒவ்வொன்றும் மடியில் வைத்த குழந்தை கனம். அப்படியே போட்டால் யாராவது தோண்டி எடுத்து விற்றுவிடுவார்கள் என்று, ஒவ்வொன்றையும் குழியோரம் வைத்து இரண்டாகப் பிளந்து உள்ளே தள்ளினாள். கத்தி இறங்கும்போதெல்லாம் நல்ல வாசனை வந்தது. உள்ளே வெண்ணெய் நிறம், ஒரு கீறல் இல்லை, ஒரு ஓட்டை இல்லை. மழைக்கால இளம்புல் தின்ற மாட்டுப் பால் அப்படித்தான் வரும். அவள் இதுவரை போட்டதிலேயே இதுதான் சிறந்தது. அது அவளுக்கு முதல் கட்டியிலேயே தெரிந்துவிட்டது. கடைசிக் கட்டிவரை பிளந்தாள். மேலே சுண்ணாம்பைக் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, மண்ணைத் தள்ளினார்கள். சோளத்தையும் எரித்தார்கள். ஈரம் இருந்ததால் அது தீப்பிடிக்காமல் புகைந்துகொண்டே கிடந்தது.

புதுத் தீவனம் வந்த சில நாளில் பால் தெளிந்துவிட்டது. மாட்டு டாக்டர் மறுபடி பரிசோதித்து, இப்போது குழந்தைக்கே கொடுக்கலாம் என்றாள். யாருக்கும் கொடுக்க முடியவில்லை. வாங்க ஆள் இல்லை. பல்லைக் கடித்த இரண்டாவது கன்று பிழைத்துக்கொண்டது; ஆனால் எலும்பும் தோலுமாக, வளராமல் நின்றது.

மகள் கிளம்பிவிட்டாள். கணவனின் அக்கா வீட்டில் ஓர் அறை இருக்கிறது என்றாள். அம்மா தடுக்கவில்லை. அப்பா பையைத் தூக்கப் போனார். அவள், "நீங்க விடுங்க, நான் தூக்கிக்கிறேன்," என்றாள். சண்டைக் குரல் இல்லை. வெளியாளிடம் பேசுகிற மரியாதைக் குரல். குழந்தை அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துத் தாத்தாவுக்கு எச்சில் ஒழுகச் சிரித்தது. அதற்கு என்ன தெரியும். வண்டி திரும்பும்வரை அவர் அதைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சைக் குறைத்துவிட்டார். சாப்பாட்டையும் குறைத்துவிட்டார். கூப்பிட்டால், "பசிக்கல" என்பார். பகலில் வைக்கோல் போர்ப் பக்கமே இருந்தார். மனசு ஆறட்டும் என்று அவளும் விட்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் பால் வாளியைத் தேடிக்கொண்டு போனவள், வைக்கோலுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மடியில் சாக்கு விரித்திருந்தது. சாக்கின்மேல் அரைக் கட்டி சீஸ். பேனாக்கத்தியால் ஒரு வில்லை அறுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். எப்போது ஒளித்துவைத்தாரோ, குழி மூடுவதற்கு முன்பாகத்தான் இருக்க வேண்டும். பெரும்பகுதி தீர்ந்திருந்தது.

அவளுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. "இதையும் வீணாக்க மனசு வரலையா?"

அவர் பதறவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார். "அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு?"

"யாராவது தின்னு பாக்கணும்ல."

"பாத்து?"

"என்ன ஆகுதுன்னு. டாக்டருக்கே தெரியலையே. நினைக்கறேன், நினைக்கறேன்னுதானே சொல்றார். நான் நிறையத் தின்னா எனக்கு முதல்ல வரும். எப்படி வருது, எங்க வலிக்குதுன்னு பாத்து வச்சிட்டா, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு எதப் பாக்கணும்னு அவளுக்குத் தெரியும்."

கட்டிக்காரம்மா வாளியைக் கீழே வைத்தாள். அவர் வாயில் இன்னும் மெல்லாத துண்டு இருந்தது, கன்னம் புடைத்திருந்தது. அவள் மண்டியிட்டு, மண்ணைத் தின்ற குழந்தையைப் பிடிப்பதுபோல அவர் தாடையை இடது கையால் பிடித்தாள். வலது கை ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டு, கன்னத்தோரம் வழித்து, துண்டை வெளியே எடுத்தாள். அவர் திமிறவில்லை. வாயைத் திறந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசையில் எச்சில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள். இன்னொரு தடவை விரல் விட்டு, மீதி இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அப்படியெல்லாம் தெரியாதுங்க," என்றாள். "நீங்க செத்தாலும் தெரியாது."

அவர் அவளையே பார்த்தார். அதன்பிறகுதான் அழுதார். கன்று செத்தபோதும், மகள் போனபோதும் அழாதவர் தோள் குலுங்க அழுதார். அவள் ஆறுதல் சொல்லவில்லை; எழுந்தும் போகவில்லை. சாக்கைச் சுருட்டி, உள்ளே இருந்த கட்டியோடு தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

கொட்டகையில் ஒரு மாடு கத்தியது. அடுத்ததும் கத்தியது. விற்றாலும் விற்காவிட்டாலும் மடி கனத்துவிட்டால் அதற்கு வலி.

"எந்திரிங்க," என்றாள். "போயிக் கைய நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. கறக்கணும்."